நான்கு டிரைவர்களும் ஒரு மூடியும்

நகல் எடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது அவள் தொழில். கடைக்காரர்கள் அவளை ஜெராக்ஸக்கா என்றார்கள்; அவளைவிட மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டதில் அவளுக்கு ஆட்சேபம் இருந்ததில்லை. எந்த இயந்திரத்தின் முன் அமர்ந்தாலும் முதலில் மூடியைத் திறப்பாள், கையை உள்ளே விடுவாள், பிறகுதான் யோசிப்பாள். இந்த வரிசைதான் பின்னால் அவளுக்கு வினையாயிற்று.

அச்சகம் ஒன்றில் லேபிள் ஒட்டும் இயந்திரத்தைக் கழித்துக் கட்டியபோது, அதனுள் இருந்த நான்கு பழைய டிரைவர்களைக் கேட்டு வாங்கி வந்தாள். டிரைவர் என்பது உள்ளங்கை அகலப் பெட்டி. ஸ்டெப்பர் மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விட்டு, அதை இம்மி இம்மியாகத் திருப்பி, சொன்ன இடத்தில் நிறுத்திப் பிடித்திருப்பது அதன் வேலை. மேலே ஒட்டியிருந்த தாள் வெளுத்துப்போயிருந்தது, திருகுகளில் துரு. ஆயினும் நான்கும் வேலை செய்தன. வீட்டுப் பின்னறையில், சுழலும் பிளேடால் பலகையில் எழுத்து வெட்டும் இயந்திரம் ஒன்றை அவள் கட்டிக்கொண்டிருந்தாள். குறுக்கே நகர்த்த ஒன்று, நெடுக்கே ஒன்று, ஏற்றி இறக்க ஒன்று, மூன்று போதும். நான்காவது கைக்காவலாக இருந்தது.

வீட்டில் ஏற்கெனவே ஒரு டிரைவர் உண்டு. அவள் கணவன் பள்ளி வேன் ஓட்டுபவன்.

"நாலு டிரைவரக் கூட்டிட்டு வந்திருக்கியாமே?" என்றார் மாமியார். "இருக்கற ஒருத்தனுக்கே ஆக்கிப் போட்டு மாளல."

"இவங்களுக்கு ஆக்கிப் போட வேணாம் அத்த. சொன்ன எடத்துல நிப்பாங்க."

"அப்ப என் புள்ளைக்கு இவங்க தேவல."

பிள்ளை செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

இதற்கிடையில் நாத்தனார் தன் சின்னப் பெண்ணோடு அந்த வீட்டுக்கே குடிவருவது முடிவாயிற்று. அவள் தையல் இயந்திரத்துக்குப் பின்னறையை விட்டால் வேறு இடமில்லை. முன்கூட்டியே வந்து அறையைப் பார்த்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. நான் தைக்கிறப்ப பாப்பா இங்கதான் சுத்திக்கிட்டு இருப்பா. எதப் பாத்தாலும் வெரல உள்ள விடுவா. பிளேடு சுத்துற ரூம்ல எப்படி அவள விடுறது?"

அவள் பேச்சில் குறை காண முடியவில்லை. மாமியார் தீர்ப்புச் சொன்னார்: "இவ சாமான் வந்து எறங்கறப்ப, அது ஒழுங்கா ஓடுதுன்னும் கொழந்தைக்கு ஆபத்து இல்லன்னும் காட்டு. இல்லன்னா பழைய இரும்புக்குப் போட்டுடு."

ஜெராக்ஸக்காவின் கை பட்ட இயந்திரங்கள் எல்லாம் யாரோ ஒருவருடையவை. இது ஒன்றுதான் அவளுடையது.

சோதனையாக ஓட்டிப் பார்த்தபோது குறுக்கு மோட்டார் நகராமல் முனகி நடுங்கியது. அதன் இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று சத்தத்திலேயே தெரிந்துகொண்டு, கழற்றி மறுபடி இறுக்கிச் செருகக் கையை நீட்டி இணைப்பைப் பிடுங்கினாள். 'டப்' என்றது. கருகல் வாடை வந்தது.

மின்சாரம் ஓடும்போது மோட்டார் இணைப்பைப் பிடுங்கினால் டிரைவர் செத்துவிடும். அது அவளுக்குத் தெரியும். அவள் கைக்குத்தான் தெரியாது. நகல் இயந்திரத்தில் மூடியைத் திறந்ததுமே உள்ளே ஓட்டம் நின்றுவிடும். இத்தனை ஆண்டுகளாக அந்தக் கை பழகியது அதற்குத்தான். கண்ணெதிரே திறந்து கிடப்பதெல்லாம் அடங்கிக் கிடப்பது என்பது அதன் கணக்கு. இந்த இயந்திரத்துக்கோ மூடியே இல்லை.

வாடைக்குக் கணவன் எட்டிப் பார்த்தான். "என்னாச்சு?"

"ஒரு டிரைவர் போயிட்டாருங்க."

"ஐயையோ, யாரு? எந்த வேன்?"

"உங்க ஆளு இல்ல. என் ஆளு."

நான்காவது டிரைவரை எடுத்தாள். செத்ததன் பக்கவாட்டில் இருந்த, மின்சார அளவை வைக்கும் குட்டிச் சுவிட்சுகளைப் பார்த்து, இதிலும் அதேபோல வைத்துப் பொருத்தினாள். இதுவும் போனால் மாற்று கிடையாது. ஆகவே கையைத் திருத்த முயலாமல், கைக்குப் பழக்கமானதைச் செய்துகொடுத்தாள். கழித்துப் போட்ட நகல் இயந்திரம் ஒன்றின் புகைநிற மூடியையும் அதன் கதவுச் சுவிட்சையும் கொண்டுவந்து மாட்டினாள். மூடி திறந்தால் பிளேடும் நிற்கும், மூன்று மோட்டார்களும் ஓயும்.

சாமான் வந்து இறங்கியது. நாத்தனார் குழந்தையை இடுப்பை விட்டு இறக்காமல் நின்றாள். மாமியார் நாற்காலியை இயந்திரத்தின் அருகிலேயே இழுத்துப் போட்டுக்கொண்டார். வெட்ட வேண்டிய சொல் 'தையல்'. இயந்திரம் 'தை'யை வெட்டி முடித்து 'ய'வைத் தொடங்கியது. உள்ளே மரத்தூள் பறந்தது. வெளியே சத்தம் மட்டும்தான்.

"அப்படி என்னதான் பண்ணுது உள்ள?" என்று மாமியார் மூடியைத் தூக்கினார்.

சட்டென்று எல்லாம் அடங்கியது. 'ய' பாதியில் நின்றது.

"போச்சா? நான்தான் கெடுத்துட்டேனா?"

"கெடல அத்த. எந்த எடத்துல இருந்தோம்னு அதுக்கு மறந்துபோச்சு. இனி முதல்லேருந்துதான்."

"என்னைய மாதிரியேன்னு சொல்லு."

நாத்தனார் பலகையைப் பார்க்கவில்லை. நின்றுபோன பிளேடையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடியைப் போட்டு மறுபடி ஓட்டச் சொன்னாள். ஓடியதும் தானே திறந்தாள். நின்றது.

"இத பாப்பாவுக்காகவா போட்டீங்க அண்ணி?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல. ஒரு கைய நம்ப முடியலன்னு போட்டேன்."

"யாரு கைய?"

"என் கையத்தான்."

நாத்தனார் குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டாள். தையல் இயந்திரம் சன்னலோரமாகவும் வெட்டும் இயந்திரம் எதிர்ச்சுவரோரமாகவும் அமைந்தன. இதற்கென்று தனியாக ஒரு தீர்ப்பு யாரும் சொல்லவில்லை.

மூடியைத் தூக்கினால் சத்தம் நின்றுவிடும் என்பதைக் குழந்தை வெகு விரைவில் கற்றுக்கொண்டது. பாதி எழுத்தோடு நின்ற பலகைகள் மூலையில் அடுக்காகச் சேர்ந்தன. பிறகு ஜெராக்ஸக்கா மூடிக்கு ஒரு கொக்கி மாட்டினாள், குழந்தைக்கு எட்டாத உயரத்தில். மாமியாருக்கு எட்டும்.