பந்தாட்டக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்த ஜெபம்

என் வீட்டுக்காரரின் சட்டையையும் கைக்கடிகாரத்தையும் போனையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு நர்ஸ் என் கையில் கொடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில், வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். கொரோனா இரண்டாம் அலை அடித்த அந்த மே மாதத்தில் ஆளை விட்டுவிட்டுப் பையை மட்டும் வெளியே கொடுத்தால் என்ன அர்த்தம் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

நர்ஸ் திரும்பிப் பார்த்து, "ஐயோ, இல்லக்கா! உசுரோடதான் இருக்காரு. வேற வார்டுக்கு மாத்துறோம், அதான் சாமானக் குடுத்தேன்" என்றார். நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

விசுவாசக் குடும்பத்தாரே, என் பெயர் எஸ்தர். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கும் வேலைக்குப் போகிறவள். அதிகம் படித்தவள் இல்லை. என் ஜெபம் கேட்கப்பட்டது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் இதை முழுவதும் சொல்லி முடித்த பிறகுதான் நீங்கள் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். பாதியில் சொல்லிவிடாதீர்கள்.

என் வீட்டுக்காரர் ஜெயராஜ் நூல் மில்லில் ஃபிட்டர். மில், சபை, பந்து, இந்த மூன்றும்தான் அவருக்கு உலகம். மூன்றில் எது முதலில் என்று நான் கேட்டதில்லை, கேட்டால் பொய் சொல்ல வேண்டியிருக்கும் அவருக்கு. அர்ஜென்டினா என்றால் உயிர். எங்கள் மொட்டை மாடியில் நீலமும் வெள்ளையுமாய்க் கொடி பறக்கும். எதிர்வரிசையில் லேத் பட்டறை வைத்திருந்த முருகேசன் அண்ணன் பிரேசில். அவர் மாடியில் மஞ்சள் கொடி. இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. "மாப்ள, மாப்ள" என்று கூப்பிட்டுக்கொண்டே ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிடுவார்கள்.

ஊரடங்கில் மைதானத்தைப் பூட்டிவிட்டார்கள். தெருமுனையில் தகரம் அடித்துவிட்டார்கள். மில்லும் ஓடவில்லை. மிச்சமிருந்தது போனில் இருந்த ரசிகர் குழு ஒன்றுதான். வெளிநாட்டில் ஆளே இல்லாத மைதானத்தில் ஆட்டம் நடக்கும், கைதட்டல் சத்தத்தை மட்டும் எங்கிருந்தோ போட்டுவிடுவார்கள். இவர் அதைப் பார்த்துவிட்டு, "சனமே இல்லாம யாருக்காகடி கோல் போடுதான்?" என்பார். அப்புறம் குழுவுக்குள் போய்ச் சண்டை போடுவார்.

அந்தச் சித்திரையில் தேர்தல் முடிவு வந்தது. பந்துக்குப் பிரிந்தவர்கள் கட்சிக்கும் பிரிந்தே நின்றார்கள். இவர் கட்சி ஜெயித்தது. தலைவர் படத்தைப் பந்து உதைக்கிற மாதிரி ஒட்டிக் குழுவில் போட்டார். முருகேசன் அண்ணன் குரலிலேயே பதில் அனுப்பினார். "ஏலே, கோல் போஸ்ட்டையே தூக்கிட்டு ஓடுனா யாருதான் ஜெயிக்க மாட்டான்?"

இவர் விடுவாரா? "தோத்தவன் துண்டத் தட்டித் தோள்ல போட்டுட்டுக் கெளம்பணும்லே. ரெஃப்ரியத் திட்டக் கூடாது."

அதோடு நின்றிருந்தால் சிரிப்பாய்ப் போயிருக்கும். பேச்சு வளர்ந்து, பட்டறைக் கடனுக்கு எந்தக் கட்சிக்காரன் காலைப் பிடித்தாய் என்று இவர் கேட்க, உன் மில் வேலை எவன் சிபாரிசு என்று அவர் கேட்க, கடைசியில் இவர், "ஒன் வாசப்படிய மிதிச்சா நான் ஜெயராஜ் இல்லலே" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு எதிரெதிர் மாடியில் நின்றுகொண்டு இருவரும் வேறு வேறு பக்கம் பார்ப்பார்கள்.

ஒரு வாரம் போயிருக்கும். இவருக்குக் காய்ச்சல். கஷாயம், ஆவி எல்லாம் பார்த்தோம். குளித்துவிட்டு வந்தவர் நாலு எட்டு வைக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கட்டில் இருக்கிறதென்று கேள்விப்பட்டு ஓடினோம். உள்ளே அவர், வெளியே வேப்பமரத்தடியில் நான்.

அந்த மரத்தடியில்தான் நான் என் விசுவாசத்தைத் தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. ஜெபம் பண்ண வாயைத் திறந்தால் ஆம்புலன்ஸ் சத்தம்தான் வந்தது. நேற்று என்னோடு டீயைப் பங்குபோட்டுக் குடித்தவர் இன்று துணியைச் சுற்றிய உடம்புக்குப் பின்னால் போவார். வத்திராயிருப்பில் என் கூடப்பிறந்த தம்பி இருக்கிறான். போன் பண்ணினால், "பஸ்சு இல்லக்கா, போலீஸ் மறிக்கான்" என்று அழுதான். அவன் பயப்படுகிறான் என்று தெரிந்தது. அவன் வீட்டில் கைக்குழந்தை. என்ன சொல்வது? ஆண்டவர் என்னைப் பார்க்கிறார் என்று சின்ன வயதிலிருந்து நம்பியவள், அன்றைக்கு அண்ணாந்து பார்த்தால் வெயில் மட்டும்தான் இருந்தது. இதை மறைத்துச் சாட்சி சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அந்தப் பையைக் கொடுத்த கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயசு. அவர் கண்ணிலும் தூக்கமில்லை. "இதுக்கு மேல ஆக்சிஜன் வேகமாக் குடுக்கிற மெஷின் எங்ககிட்ட காலியா இல்லம்மா. எங்கயாவது எடம் கெடச்சா ஒடனே கொண்டு போகணும். நாங்களும் கேட்டுக்கிட்டுதான் இருக்கோம். நீங்களும் கேளுங்க" என்றார். மதுரையில் இடமில்லை. விருதுநகரில் இல்லை. ஆம்புலன்ஸ் எல்லாம் ஓட்டத்தில் இருந்தது.

எங்கள் சபைப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூடி ஜெபிக்க முடியாததால், குழுவில் மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, வாய்விட்டு ஜெபித்து அனுப்புவோம். மற்றவர்கள் கேட்டு ஆமென் போடுவார்கள். என் போனில் சார்ஜ் இல்லை. இவர் போனை எடுத்தேன். சபைக் குழு அதிலும் இருந்தது. எது மேலே கிடந்ததோ அதைத் தொட்டேன். மைக்கை அழுத்தினேன். கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே, எனக்கு வேற யாரும் இல்ல. அவருக்கு மூச்சு விட முடியலய்யா. ஒரு கட்டில் குடும் சாமி. தகப்பனே, அந்த முருகேசன் அண்ணன்கிட்ட சண்ட போட்ட நாள்லருந்து இவர் ஒழுங்காச் சாப்புடல. வாய்தான் பேசும், உள்ளுக்குள்ள அம்புட்டும் பாசம். அந்தக் கசப்போட இவரக் கொண்டு போயிராதேயும். அவியளையும் அவிய பிள்ளைகளையும் காப்பாத்தும். யாரையாவது அனுப்பும். யாரா இருந்தாலும் அனுப்பும்."

ஆமென் சொல்லி விரலை எடுத்துக் கண்ணைத் திறந்தேன். மேலே ரசிகர் குழுவின் பந்து படம். என் ஜெபத்துக்கு முன்னால் யாரோ போட்ட கழுதைப் படம் ஒன்று, தோற்ற கட்சியைக் கேலி பண்ணி. ஊர்ப்பட்ட ஆம்பளைகள் இருக்கிற குழுவில் நான் கதறியது கிடக்கிறது. அழிக்கத் தெரியவில்லை. அவமானத்தில் இன்னும் கொஞ்சம் செத்தேன். எவனோ பல்லைக் காட்டிச் சிரிக்கிற பொம்மையைப் போட்டான், உடனே அதை எடுத்தும் விட்டான்.

போன் அடித்தது. முருகேசன் அண்ணன்.

"தங்கச்சி, எந்த வாசல்ல நிக்க?"

"அண்ணே, அது தெரியாம அனுப்பிட்டேன்ணே..."

"தெரிஞ்சு அனுப்புனியோ தெரியாம அனுப்புனியோ. எம் பேரச் சொல்லி சாமிகிட்ட பேசிட்ட. பொறவு நான் எப்படி வீட்ல உக்காந்திருக்க முடியும்? வாரேன், இரு."

அந்த ரசிகர் குழுவில் இருந்த ஒரு பையன் ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறான். நான் ஜெபித்ததைக் கேட்டு அவன்தான் அண்ணனுக்குப் போன் பண்ணியிருக்கிறான். அங்கே ஒரு கட்டில் அப்போதுதான் காலியாகியிருந்தது. பட்டறைச் சாமான் ஏற்றுகிற ஆம்னி வேனைக் கழுவி, பின் சீட்டைக் கழற்றிவிட்டு, மெத்தை விரித்துக்கொண்டு அண்ணன் வந்து நின்றார். தொட ஆளில்லாத நேரம் அது. அவர் ஒரு மாஸ்க்குக்கு மேல் இன்னொன்றை மாட்டிக்கொண்டு, வார்டு பையனோடு சேர்ந்து இவரைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார். இவர் கண்ணைத் திறந்து பார்த்தார். பேச முடியவில்லை. கண்ணோரத்தில் தண்ணீர் மட்டும் இறங்கியது.

"அழுவாதலே. ஒன்னத் தூக்குறதுக்கு ரெண்டு சிலிண்டரத் தூக்கிரலாம். மில்லுல என்னத்தப் போடுதானுங்க ஒனக்கு?"

சின்ன சிலிண்டர் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்கள். ராஜபாளையம் போய்ச் சேரும்வரை தாங்கும் என்றார்கள். அந்த ரோடு அவ்வளவு நீளம் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. இவர் கண் செருகும்போதெல்லாம் அண்ணன் முன்னாலிருந்து கத்துவார். "மாப்ள, கண்ண மூடுன, பிரேசில் ஜெயிச்சதா ஊரெல்லாம் சொல்லிருவேன்! ஏலே, கேக்குதா?" மாஸ்க்குக்குள் இவர் உதடு அசையும். நிச்சயமாய்க் கெட்ட வார்த்தைதான். அதற்காகவும் நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

கட்டில் கிடைத்தது. மெஷின் கிடைத்தது. அந்த வார்டு வாசலில் ஒரு பெண் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அந்தக் கட்டில் எப்படிக் காலியானது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜெயராஜ் பிழைத்தார். மெதுவாக, மிகவும் மெதுவாக. வீட்டுக்கு வந்தபோது சட்டை ஆணியில் மாட்டியது மாதிரி தொங்கியது.

இங்கேதான் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டாம் என்றேன்.

இவர் வீடு வருவதற்கு முன்பே முருகேசன் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. இந்த முறை சரியான குழுவிலேயே அனுப்பினேன். அதே வாய், அதே வார்த்தை. சபை முழுவதும் உபவாசம் இருந்து ஜெபித்தது. அவர் மனைவி கற்பகம் மதினி ஆண்டாளுக்கு நேர்ந்துகொண்டார்கள். கட்டிலும் கிடைத்தது, மெஷினும் கிடைத்தது. எல்லாம் கிடைத்தும் அண்ணன் போய்விட்டார்.

தெருவில் யாரும் வெளியே வர முடியவில்லை. இவர் மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி, எதிர்மாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மாப்ள" என்று ஒரு முறை கூப்பிட்டார். இருமல் வந்துவிட்டது.

தகரத்தைப் பிரித்த அன்று நான் மதினி வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல் போனேன். "என்னாலதான் மதினி" என்று ஆரம்பித்தேன்.

"ஒன்னால இல்ல, எஸ்தரு. அவுக ஒங்க வீட்டுக்காரர மட்டுமா தூக்குனாக? கேட்டவுகளுக்கெல்லாம் வேன எடுத்துட்டுப் போனாக. நான் வேண்டாம்னேன். 'எனக்கு ஒண்ணும் வராதுட்டி'ன்னாக." அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள். "நீயும் கும்புட்ட, நானும் கும்புட்டேன். ஒனக்குக் குடுத்தாரு. எனக்கு ஏன் குடுக்கல?"

எனக்குத் தெரிந்த வசனம் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த வீட்டுக்குள் நான் மறுபடியும் போயிருக்க முடியாது. "தெரியலயே மதினி" என்றேன். இருவரும் சேர்ந்து அழுதோம். இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் ஜெபிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வியும் என்னோடு முழங்காலில் நிற்கிறது. ஆண்டவர் அதற்காக என்னை விரட்டவில்லை. அது மட்டும் தெரியும்.

பாஸ்டர் ஐயா பலமுறை சாட்சி சொல்லக் கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. என் தாலி தங்கியதை மேடையில் சொன்னால், தெரு தாண்டி மதினி காதில் அது எப்படி விழும்? ஆண்டுகள் ஓடிவிட்டன. மதினி இப்போது என்னோடுதான் துணி மடிக்க வருகிறார்கள். பட்டறையை அவர்கள் மூத்த மகள் பார்த்துக்கொள்கிறாள். கணக்கு, பில் எல்லாம் ஜெயராஜ் பார்க்கிறார். மில்லுக்குப் போகிற நுரையீரல் அவருக்கு இல்லை. மிதிக்க மாட்டேன் என்ற வாசப்படியில்தான் அவருக்குத் தினமும் பொழுது விடிகிறது. கட்சி பேசுகிறார், பேசாமல் இருப்பாரா? ஆனால் குரல் உயரும்போது தானாக நிறுத்திவிடுகிறார். மூச்சு வாங்குவதால் என்று சொல்லிக்கொள்வார்.

போன மாதம் மடிப்பு மேஜையில் மதினியிடமே கேட்டுவிட்டேன். "மதினி, சபையில சாட்சி எழுதித் தரச் சொல்லுதாங்க. எழுதட்டுமா? உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேண்டாம்."

கையில் இருந்த துணியை மடித்து அடுக்கில் வைத்தார்கள். "எழுது. ஆனா 'ஒரு சகோதரர் வந்து ஒதவுனாரு'ன்னு மொட்டையா எழுதாத. அவுகளுக்குப் பேரு இருக்கு."

ஆகவே, பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் மூச்சு முட்டுகிற நேரம் வரும். அப்போது கூப்பிடுங்கள். அழகாய்க் கூப்பிடத் தெரிய வேண்டாம், சரியான இடத்துக்குப் போய்ச் சேருமா என்றும் பயப்பட வேண்டாம். கேட்கிறவர் கேட்கிறார். நான் நம்புகிறேன், அழுதுகொண்டேதான் நம்புகிறேன். ஆனால் பதில் வரும்போது அது எந்தக் கொடிக்காரர், எந்தக் கோயில்காரர் என்று பார்க்காமல் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிழைத்த பிறகு, வந்தவர் வீட்டில் விளக்கு எரிகிறதா என்று போய்ப் பாருங்கள்.

என் ஆண்டவர் எனக்கு அனுப்பிய பதிலின் பெயர் முருகேசன்.

இப்போது சொல்லுங்கள் ஸ்தோத்திரம்.