கர்ட்டன் எங்கே முடிய வேண்டும்?

கர்ட்டன் கடையில் வேலை பார்ப்பவளுக்கு, கம்பியில் வளையம் உரசுகிற சத்தம் பகலில் சோறு போடும். இரவில் உயிரை எடுக்கும். போன மாதம் விளக்கை அணைத்ததும் எங்கள் வீட்டுப் பின்கதவுப் பக்கம் 'கிரிக்... கிரிக்...' என்று கேட்க ஆரம்பித்தது. கணவருக்கு மில்லில் இரவு ஷிப்ட். வீட்டில் நானும் கைக்குழந்தையும்தான். கான்வென்ட்டில் மனப்பாடம் செய்த ஜெபம் முதலில் வாயில் வரும், முருகன் அப்புறம்தான். "இம்புட்டுப் பயமா இருந்தா வேலைய விட்டுட்டு உங்கம்மா வீட்டுக்குப் போயிரு" என்று சொல்லிவிட்டார் அவர். எனக்கோ வேலையை விட மனசில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு விழித்திருக்கும் என் இனத்துச் சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இது.

யார் யாரைப் பார்ப்பது?

பேகம்பூரில் ஒரு தோல் வியாபாரி வீடு. ஹாலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவே மெல்லிய துணி கேட்டார்கள். அந்த ஹாலின் கனத்த சோபாவுக்கு வெல்வெட்டுதான் எடுப்பு என்று பேசிப் பேசி, மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டேன். வீட்டம்மா உள்பக்கம் நின்று பார்த்தார். ஹாலில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரே தெரியவில்லை. சிரித்துக்கொண்டே கழற்றச் சொன்னார்.

"கர்ட்டன விருந்தாளி பாக்கட்டும்மா. விருந்தாளிய நாங்க பாக்கணும்ல?"

அய்யலூரிலிருந்து வந்தவர்கள்

ரெட்டியார்சத்திரம் பக்கம் பூ விவசாயம் செய்பவர்கள் கட்டிய புது வீடு. உயரம் குறைவு. கம்பியை மேலே ஏற்றி, துணியைத் தரை தொட விட்டால் அறை உயரமாகத் தெரியும் என்பது நான் எல்லோருக்கும் சொல்லும் பாடம். அங்கேயும் சொன்னேன், மாட்டினேன். "அரமண மாதிரி இருக்கு" என்றார்கள்.

மறுவாரமே போன். போய்ப் பார்த்தால், அய்யலூர்ச் சந்தையில் வாங்கிவந்த ஆட்டுக்குட்டிகள் ஹாலுக்குள் புகுந்து, கர்ட்டனை முழங்கால் உயரத்துக்கு மேய்ந்திருந்தன. நான் திருதிருவென்று முழிக்க, அந்த வீட்டு அக்காவுக்குக் கோபமே இல்லை.

"அதுகள வையாத கண்ணு. பச்சத் துணிய எடுத்தது நாமதான?"

என் வீட்டு அலங்காரம்

பின்கதவு வழியாக யாரும் எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்று, அங்கேயும் தரை தொடும் கனத்த வெல்வெட்டு கர்ட்டனை நானே மாட்டியிருந்தேன். மாட்டிய நாளிலிருந்துதான் சத்தம். அதோடு, துணிக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்ற நடுக்கம் வேறு.

ஞாயிற்றுக்கிழமை குழந்தையைப் பார்க்க வந்த நசீமா அக்கா, கடையில் என்னோடு வேலை செய்பவர், கர்ட்டனை ஒரே இழுப்பில் ஒதுக்கினார். கம்பியை நான் கதவு நிலையின் மேற்சட்டத்திலேயே அடித்திருந்தேன். மேல்தாழ்ப்பாள் பாதி ஏறியதும் கம்பியில் முட்டி நின்றது. மடிப்புக்குள் கைவிட்டுத் தள்ளிய நான் அதையே முழுத்தாழ் என்று நம்பியிருக்கிறேன். காற்றில் கதவு ஆட, துணி ஆட, வளையம் உரசியிருக்கிறது!

"அடியே, திருடனுக்கு வெல்வெட்டுல வரவேற்பு குடுத்தவ நீ ஒருத்திதான்!"

அன்றைக்கே கம்பி நிலைக்கு மேலே ஒரு சாண் ஏறியது. பின்னால் யாராவது நின்றால் கால் தெரியட்டும் என்று துணியும் தரையிலிருந்து ஒரு சாண் ஏறியது. அம்மா வீட்டுப் பேச்சைக் கணவரும் விட்டுவிட்டார்.

எந்த அறைக்கு எந்தக் கர்ட்டன் எடுப்பு என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நான், அழகு கொஞ்சம் குறைந்துபோன என் பின்கதவை இன்றைக்கு உள்ளேயிருந்து முழுசாகத் தாழ் போட்டுவிட்டேன்.