எதிர் வீட்டு நிறம்

ஓசூர் பாகலூர் ரோட்டு பெயிண்ட் கடையில் நிறம் கலப்பவர் அவர். அவருடைய வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தியிருக்காது. கலந்ததை அட்டையில் தடவி, வாசல் வெயிலில் பார்த்த பிறகுதான் கொடுப்பார்.

முன்சுவருக்குச் சந்தன நிறம் கேட்டேன்.

"எதிர் வீடு என்ன கலருங்க?"

"கிளிப்பச்சை. பெயிண்ட் என் வீட்டுக்குங்க!"

"உங்க செவுரு தனியாவா நிக்குது? பச்சைக்கு எதிர்ல இந்தச் சந்தனம் ரோஸ் அடிக்கும்."

துளி பச்சை சேர்த்துக் கொடுத்தார். சுவர் அத்தனை அழகாக அமைந்தது.

மறுவருடம் எதிர் வீட்டுக்காரர் ஊதா அடித்தார். என் சுவருக்குக் காமாலை வந்துவிட்டது. கடைக்குப் போய்ப் புலம்பினேன்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "வேற கடையில வாங்கியிருப்பாருங்க. உங்க வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாங்க."

என் வீட்டுக்காக என்னைவிட அதிகம் வருத்தப்பட்டவர் அவர்தான்.