எண்பத்து நான்கு கருவிகள்

கார்குழலி வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவர். ராயபுரத்தில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டே, முப்பத்தெட்டாவது வயதில் பகுதிநேர ஆய்வுக்குப் பதிவு செய்தார். எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரையுள்ள தொழிற்சாலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் கூடுவதால் நிரந்தரத் தொழிலாளர்கள் குறைகிறார்களா?

கேள்வி வீட்டிலிருந்தே வந்தது. கணவர் வேம்பு பதினோரு ஆண்டுகள் நிரந்தர ஃபிட்டராக இருந்த தொழிற்சாலை 2001இல் அவரை வெளியே அனுப்பியது. ஆறு மாதம் கழித்து அதே கேட்டுக்குள், அதே பிரிவுக்கு, ஒப்பந்தக்காரரின் ஆளாகப் போனார்.

நாற்பத்திரண்டு தொழிற்சாலைகளின் ஒன்பது ஆண்டு விவரங்களைத் திரட்ட மூன்று ஆண்டுகள் பிடித்தன. வேம்புவின் தொழிற்சாலைத் தொழிற்சங்கச் செயலாளர் லூர்து கூடவே அலைந்து, பழைய அறிக்கைகளைத் தேடிப்பிடித்துக் கொடுத்தார்.

ஒரு தொழிற்சாலையில் இந்த ஆண்டு எத்தனை பேர் என்பது போன ஆண்டு எத்தனை பேர் என்பதைச் சார்ந்தது. ஆனால் போன ஆண்டு எண்ணை அப்படியே கணக்கில் போட முடியாது. வெளியே தெரியாத வேறு காரணங்களின் கறை அதில் படிந்திருக்கும். அதனால் இன்னும் முந்தைய ஆண்டுகளின் எண்களை அதற்குப் பதிலாள் போல நிறுத்துவார்கள். அவற்றுக்குக் கருவி மாறிகள் என்று பெயர். ஆண்டுகள் கூடக் கூட அவை மளமளவென்று பெருகும். கார்குழலிக்கு எண்பத்து நான்கு சேர்ந்தன. கருவிகள் சுத்தமானவைதானா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஓர் எண் வரும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் கோளாறு. அவருக்கு 1.000 வந்தது. பத்து ஒப்பந்த ஆட்கள் கூடினால் நான்கு நிரந்தர ஆட்கள் குறைகிறார்கள் என்பது முடிவு.

லூர்து துள்ளிக் குதிக்காத குறை. "டீச்சர், இத்த ஒரு பக்கத்துல எய்திக் குடு. நம்ம காண்ட்ராக்ட் ஆளுங்கள பெர்மனென்ட் ஆக்கணும்னு போட்ட மனு, அடுத்த மாசம் லேபர் ஆபீஸ்ல விசாரணை கீது. ஆராய்ச்சியே சொல்லுதுன்னு நீட்டிடலாம்."

எழுத உட்கார்ந்தபோது அந்த 1.000 கார்குழலியை உறுத்தியது. நிஜமான விவரங்கள் இப்படி முழு மதிப்பெண் வாங்கி அவர் பார்த்ததில்லை. ஒன்று செய்து பார்த்தார். கறைபட்டது என்று நிச்சயமாகத் தெரிந்த போன ஆண்டு எண்ணையே கருவிகளோடு சேர்த்து ஓட்டினார். சோதனை அலறியிருக்க வேண்டும். அப்போதும் 1.000.

பிரவுசிங் சென்டரில் இரண்டு நாள் தேடியதில் காரணம் கிடைத்தது. தொழிற்சாலைகளைவிடக் கருவிகள் இரண்டு மடங்கு. அத்தனை கருவிகள் சேரும்போது கறையை வடிகட்டாமல், கறையோடு சேர்த்தே பழைய எண்ணை மறுபடி உண்டாக்கிவிடும். கோளாறைக் காட்ட வேண்டிய சோதனையும் பலமிழந்துவிடும். மிகப் பழைய ஆண்டுகளை விட்டுவிட்டு, ஆண்டுக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தவற்றை ஒன்றாக மடித்தார். ஒன்பது கருவிகள் மிஞ்சின. சோதனை இப்போது 0.21 என்றது, நம்பக்கூடிய எண். ஆனால் நான்கு பேர் என்பது ஒன்றரைப் பேராகச் சுருங்கியிருந்தது. அதன் பிழை எல்லைக்குள் பூஜ்யமும் இருந்தது, அதாவது ஒருவர்கூடக் குறையாமலும் இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், நெத்திலி கழுவிக்கொண்டிருந்த வேம்புவிடம் சொன்னார்.

வேம்பு கையை உதறிவிட்டு நிமிர்ந்தார். "அப்போ என் வேல போனது பொய்யா குழலி?"

"உன் வேல போனது நெசம். நாப்பத்திரண்டு கம்பெனிக்கும் சேத்து இதனாலதான்னு சொல்ற அளவுக்கு என்கிட்ட ஆதாரம் பத்தல. அவ்ளோதான்."

"நல்லா படிச்ச போ," என்று வேம்பு மறுபடி மீனைப் பார்த்துக் குனிந்தார்.

ஆய்வு வழிகாட்டி செங்குட்டுவனும் சலித்துக்கொண்டார். "பழைய அட்டவணையே இருக்கட்டுமே. எல்லாரும் அப்படித்தாம்மா போடறாங்க."

"ரெண்டையும் போடறேன் சார். ஒவ்வொண்ணுக்குக் கீழயும் கருவி எத்தனைன்னும் எழுதிடறேன்."

லூர்துவுக்கு எழுதிக் கொடுத்த பக்கத்தில் வெறும் எண்ணிக்கை மட்டும் இருந்தது: ஒன்பது ஆண்டுகளில் நிரந்தர ஆட்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள், ஒப்பந்த ஆட்கள் இரண்டு மடங்கானார்கள். விசாரணையில் நிர்வாகத்தின் வழக்கறிஞர் கேட்டார்: "ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று ஆய்வு சொல்கிறதா?"

"இல்ல சார். அத்த சொல்ல மாட்டேன்ட்டாங்க," என்றார் லூர்து. வெளியே வந்து கார்குழலியைப் பார்க்காமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஒரு வருடம் பேசவில்லை.

எட்டு மாதம் இழுத்து, பத்தொன்பது பேரை நிரந்தரமாக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டது. பணியில் இடைவெளி இருந்ததால் வேம்புவின் பெயர் பட்டியலில் இல்லை. நோட்டீஸ் போர்டில் பார்த்துவிட்டு வந்து மனைவியிடம் சொன்னவர், மறுநாள் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பினார். கார்குழலி அவருக்கு டிபன் கட்டிக் கொடுத்தார். அந்த ஒரு பக்கத்தை வேறு மாதிரி எழுதியிருந்தால் பட்டியல் நீண்டிருக்குமா என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த நினைப்பு பல நாட்கள் கூடவே இருந்தது.

பட்டம் 2009இல் கிடைத்தது. அதன்பின் மீஞ்சூர், வள்ளூர் பக்கத் தொழிற்சாலைகளுக்கு ஆள் விவரம் கேட்டு மனுப் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தார். தொழிற்சாலைகள் கூடினால்தான் பத்துக்கு எத்தனை என்று துணிந்து சொல்ல முடியும். அந்த ஆண்டு முடிவதற்குள் பதினேழு தொழிற்சாலைகள் சேர்ந்தன.