சர்வர் டவுன் என்று சொன்ன நாள்

கொரோனா ஓய்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். ராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் தலைமை நர்ஸ். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் வெளியே செருமினாலே உள்ளே கட்டில் விரிப்புகள் நேராகிவிடும் என்று வார்டுப் பிள்ளைகள் கேலி பேசுவார்கள். அதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மருத்துவமனையில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். கொடுத்த மருந்து, காய்ச்சல் அளவு, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் இனி திரையில்தான். "நீங்க போய்க் கத்துக்கிட்டு வந்து எல்லாருக்கும் சொல்லிக் குடுங்க" என்று நிர்வாகி என்னை மதுரைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். அங்கே கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் சின்ன வயசுக்காரர்கள். சந்தேகம் கேட்க வெட்கம். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, சான்றிதழை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

தெரியாததை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதட்டல். "ஒரு தடவ சொன்னா ஏறாதா? மண்டையில என்ன களிமண்ணா?" இரண்டாம் முறை கேட்டவர்களுக்கெல்லாம் இதுதான் பதில். லேபிலிருந்து இனிமேல் தாளும் வரக் கூடாது, போனும் வரக் கூடாது, எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்று உத்தரவு போட்டதும் நானே. ஊருக்குத்தான் உபதேசம். என் வேலையை மட்டும் ஒரு இளம் நர்ஸ், என் பாஸ்வேர்டைப் போட்டு, யாருக்கும் தெரியாமல் முடித்துக் கொடுத்துவிடுவாள்.

அவள் லீவு போட்டிருந்த ஒரு நாள். மில் தொழிலாளி ஒருவர் டெங்குவில் படுத்திருந்தார். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துகொண்டே வந்தன. "மத்தியான ரிப்போர்ட் வந்ததும் எனக்குச் சொல்லுங்க. இன்னும் இறங்கியிருந்தா உடனே மதுரைக்கு அனுப்பிடணும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் வேறொரு மருத்துவமனைக்குப் போயிருந்தார்.

மத்தியானம் அந்தத் தொழிலாளியின் மனைவி வந்து நின்றாள். "சிஸ்டர், ரிப்போர்ட் வந்துருச்சா?"

கம்ப்யூட்டரைத் தட்டினேன். ஏதோ ஒரு கட்டம் வந்தது. அதை மூடினால் இன்னொன்று வந்தது. பக்கத்திலேயே ஒரு நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கௌரவம் விடவில்லை. "சர்வர் டவுன்மா. செத்த நேரம் ஆகும்" என்றேன்.

பாவம், நம்பிவிட்டாள். பேங்கிலும் ரேஷன் கடையிலும் கேட்டுப் பழகிய பதில்தானே. போய்விட்டு மறுபடி வந்தாள். மறுபடியும் அதையே சொன்னேன். அடுத்த முறை ஓட்டமாக வந்தாள். "அவியளுக்கு ஈறுல ரத்தம் கசியுது சிஸ்டர். அந்தச் சர்வரு எப்பத்தான் சரியாகும்?" இதற்கிடையில் டாக்டரும் போன் செய்தார். அவரிடமும் கூசாமல் அதே பொய்யைச் சொன்னேன்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். லேபில் வேலை பார்க்கும் பெண் மூச்சு வாங்க மாடியேறி ஓடி வந்தாள். "அக்கா, கம்ப்யூட்டர்ல செவப்புல போட்டு அனுப்பி எம்புட்டு நேரமாச்சு! யாருமே தொறந்து பாக்கலையா? தட்டணு ரொம்ப எறங்கிருச்சுக்கா!"

அந்த மனைவி அப்போது கட்டிலருகே இருந்தாள். இது அவள் காதில் விழவில்லையே என்று நிம்மதிப்பட்டேன். அந்த நேரத்திலும் அதைத்தான் நினைத்தேன் என்று சொல்லவே நாக்கூசுகிறது.

டாக்டருக்குச் சொல்லி, ஆம்புலன்ஸ் வரவழைத்து, அவரை மதுரைக்கு அனுப்பினோம். வண்டியில் ஏறும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லபடியாத் திரும்பணும்னு வேண்டிக்கிடுங்க சிஸ்டர்" என்றாள். பஸ்ஸில் ஊருக்கு வரும்போது ஆண்டாள் கோவில் கோபுரம் தெரிந்தது. எந்த முகத்தோடு வேண்டுவது? தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் வார்டுப் பிள்ளைகள் எல்லாரையும் கூப்பிட்டேன். "நேத்து சர்வர் நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் தொறக்கத் தெரியல" என்று மென்று முழுங்கிச் சொன்னேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. நேற்று என் பக்கத்தில் இருந்த நர்ஸ் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்குத் தெரியும்க்கா. என் கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. சொன்னா எல்லார் முன்னாடியும் வைவீங்கன்னு பயந்து வாய மூடிக்கிட்டேன். நாங்களும் தெரியாததுக்கெல்லாம் சர்வர் டவுன்னுதான் சொல்லுதோம்."

இத்தனை நாள் நான் பெருமைப்பட்ட அந்த அதட்டல் ஒரு மனுஷனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது பாருங்கள். அன்றே லேபுக்கு ஆள் அனுப்பி, ஆபத்தான ரிப்போர்ட் என்றால் போன் போட்டுச் சொல்லிவிடச் சொன்னேன். லீவு முடிந்து வந்த இளம் நர்ஸின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

கடவுள் புண்ணியத்தில் அந்த மில் தொழிலாளி பிழைத்துக்கொண்டார். உடம்பு தேறி, மனைவியோடு எங்கள் டாக்டரைப் பார்க்க வந்தார். அவள் எனக்கென்று மல்லிகைப்பூ வாங்கி வந்திருந்தாள். "அன்னைக்கு எங்களுக்காக எம்புட்டு ஓடுனிய சிஸ்டர்" என்று நீட்டினாள். என்னால் கையை நீட்ட முடியவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "அம்புட்டு நேரமும் ரிப்போர்ட் உள்ளதான் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

பூவைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை. பக்கத்து நர்ஸிடம் திரும்பி, "ஏம்மா, அவியளுக்கு மாத்திரை எப்படிக் குடுக்கணும்னு நீ சொல்லு" என்றாள்.

இப்போதும் தெரியாத ஒன்று எதிரே வந்தால் பழைய கௌரவம் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது; பைக்குள் திரும்பிப் போன அந்தப் பூவை நினைத்துக்கொண்டு, பக்கத்தில் யார் இருந்தாலும், "எனக்கு இது தெரியல, சொல்லிக் குடு" என்று கேட்டுவிடுகிறேன்.