அக்கரையில் ஒரே வாத்தியார்

நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். நான் கணக்கு வாத்தியார், முப்பத்து மூன்று வருஷம் பாடம் எடுத்தவன், எண்ணிப் பார்க்க முடியாத எதையும் ஒத்துக்கொண்டதில்லை. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை அடி தூரத்தில் என்று கேட்டே வாயை அடைத்துவிடுவேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன்.

எழுபதுகளில் நடந்தது. எனக்கு முப்பத்தொரு வயது. பள்ளிச் சாரணர் பையன்கள் இருபத்து நான்கு பேரை இரண்டு நாள் முகாமுக்கு அழைத்துப் போக ஏற்பாடு. இடம் பார்க்க நானும் டிரில் மாஸ்டர் தேவராஜும் ஒரு வாரம் முன்னாலேயே மரக்காணம் போனோம். கழுவெளி ஏரிக்கரையில் மூன்று இடம் பார்த்தோம். முதலாவதில் முள், இரண்டாவதில் கிணறு ஒரு மைல் தள்ளி. மூன்றாவது உப்பளத்தை ஒட்டிய மேடு, நாற்பது தப்படி நீளம், இருபத்தெட்டு தப்படி அகலம், ஆறு கூடாரத்துக்குத் தாராளம். பக்கத்தில் உப்புப் பாத்தியின் தரையை மிதித்துக்கொண்டிருந்த பெண்களில் அஞ்சலை என்பவர் கரையேறி வந்து, குதிகாலால் மண்ணை அழுத்திப் பார்க்கச் சொன்னார். தடத்தில் தண்ணீர் ஊறினால் அங்கே படுக்கக் கூடாதாம், உப்பளத்தில் தரை பார்ப்பது அப்படித்தானாம். பதினாறு இடத்தில் அழுத்தினேன், ஊறவில்லை.

"இங்க இருங்க சார், ஒண்ணும் ஆவாது. அந்தாண்ட கரைக்கு மட்டும் பசங்கள வுட்றாதீங்க. இடுப்பளவு சேறு. மாடே எறங்காது."

அந்தாண்ட கரை என்றது ஏரியின் ஒரு கிளைக்கு அப்பால், இருநூறு கஜம் இருக்கும்.

பொழுது சாய்ந்தது, பெண்கள் வேலை முடிந்து போய்விட்டார்கள், நான் குனிந்து முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தேன். தேவராஜின் பேச்சு நின்றுவிட்டதே என்று நிமிர்ந்தால் அவர் அக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே கூடாரங்கள். ஆறு. நடுவில் அடுப்புப் புகை, சுற்றிலும் காக்கி உடுப்பில் பையன்கள். வாய் அசைகிறது, பாடுகிறார்கள் என்று தெரிகிறது, சத்தம் துளியும் வரவில்லை. எனக்குப் பயம் வந்தால் எண்ண ஆரம்பித்துவிடுவேன். இருபத்து நான்கு. மறுபடியும் எண்ணினேன், இருபத்து நான்கேதான். தேவராஜ் சிரித்தார்.

"பசங்க சரியாத்தான் இருக்காங்க கணக்கு சார். வாத்தியாருதான் ஒருத்தர் கொறையுது. அடுப்பாண்ட நிக்கறது நான்தான், அரை டவுசரப் பாருங்க. நீங்க எங்க பூட்டீங்க?"

உண்மை. அரை டவுசர், கழுத்தில் விசில், இடுப்பில் கை, அவர் நிற்பது போலவே ஓர் ஆள். என்னைப் போல வேட்டி கட்டியவர் அங்கே யாருமில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன், கோரைப்புல்லும் தண்ணீரும்தான் இருந்தன.

கானல் என்றார் தேவராஜ். வெயிலே இல்லாத நேரத்தில் என்ன கானல்? இடத்தை மாற்றலாம் என்று மட்டும் சொன்னேன். பையன்கள் முழுசாக இருக்கிறார்கள், அப்புறம் என்ன என்றார். பையன்கள் முழுசாக இருந்தது எனக்கும் தெரியும். குறைந்தது நான். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

முகாம் அங்கேயே நடந்தது. இரண்டு நாளும் நான் தண்ணீர்ப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. குடிக்கக் கிணற்றுத் தண்ணீர், பாத்திரம் கழுவ ஏரித் தண்ணீர். ஏரிக்குப் பையன்களை விடுவதில்லை, எங்கள் இருவரில் ஒருவர் போவது என்று முறை. முதல் நாள் அவர் போனார். மறுநாள் விடியற்காலை என் முறை. குடத்தை எடுத்தும்விட்டேன், கால் நகரவில்லை. ஒரு பையன் குறைகிற மாதிரி இருக்கிறது, எண்ணிவிட்டுப் போகிறேன் என்றேன். பொய். அப்போதே இரண்டு தடவை எண்ணி முடித்திருந்தேன்.

"நீங்க எண்ணுங்க சார், நான் போறேன்," என்று குடத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

பையன்களை வரிசையில் நிற்கவைத்து மூன்றாம் தடவையாக எண்ணினேன். கால் மணி நேரம் கழித்து மேட்டிலிருந்து பார்த்தபோது குடம் மட்டும் மிதந்துகொண்டிருந்தது. உப்பளத்து ஆட்கள் ஒன்பது பேர் இறங்கித் தேடினார்கள். நன்றாக நீந்தத் தெரிந்த மனிதர், முழங்கால் ஆழத் தண்ணீரில் குப்புறக் கிடந்தார். வீட்டில் மனைவி, மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அவர்களிடம் அன்று யார் முறை, யார் போனது என்று நான் சொன்னதே இல்லை.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் அஞ்சலை என்னைத் தனியே அழைத்துப் போய், தேடியவர்கள் மிதிக்காத இடத்தில் கரையோர ஈரமண்ணைக் காட்டினார்.

"அவரு கூட இன்னொருத்தர் போயிருக்காரே சார். அவரு எங்க?"

இரண்டு பேருடைய வெறுங்கால் தடங்கள், ஒட்டினாற்போல் பக்கத்தில் பக்கத்தில், தண்ணீருக்குள் போயிருந்தன. திரும்பி வந்த தடம் ஒன்றும் இல்லை. எண்ணினேன். தேவராஜுடையது பத்தொன்பது. மற்றதும் பத்தொன்பது. எனக்கு இடது காலில் சுண்டுவிரல் பிறவியிலேயே மேலே தூக்கி நிற்கும், மண்ணில் படாது. அந்த மற்ற தடத்தில் இடது கால் பதிந்த இடத்திலெல்லாம் நான்கு விரல்தான் இருந்தது.

அஞ்சலை என் காலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கரையேறிப் போய்விட்டார்.

நம்புங்கள், நம்பாமல் போங்கள், அன்று காலை அதுவரைக்கும் நான் அந்தக் கரையில் கால் வைக்கவே இல்லை. என் எதிரில் வரிசையாக நின்ற இருபத்து நான்கு பேர் அதற்குச் சாட்சி.