புக்கில் இல்லாததைச் சொல்லாத சலோமி அக்கா

சலோமி அக்கா இறந்துவிட்டார். காலையில் திருக்கோவிலூரிலிருந்து அவர் மகள் போன் செய்தாள். தூக்கத்திலேயே போய்விட்டாராம்...

என் பிரெண்ட்ஸ் லிஸ்ட்டில் அவரைத் தெரிந்தவர்கள் நாலு பேர்கூட இருக்க மாட்டீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன்.

கச்சிராயபாளையத்தில் அப்போது ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. நான் அங்கே கம்பவுண்டர். சபை ஆள் இல்லை, சம்பளத்துக்குச் சேர்ந்தவன்.

அக்காவின் வேலை பைபிள் வாசிப்பது. காத்திருக்கும் நோயாளிகளுக்கு வாசிப்பார். மாதம் இரண்டு முறை ஜீப்பில் கல்வராயன் மலைக்குப் போவோம். நான் மாத்திரை கொடுப்பேன், அவர் மரத்தடியில் உட்கார்ந்து வாசிப்பார்.

அவர் வீட்டுக்காரர் சாராயத்தால் செத்தவர். அக்காவுக்கு அப்போது இருபத்தாறு வயது, கையில் ஒரு பெண் குழந்தை.

ஊசி போட நான் ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தால் அக்கா எழுந்து வெளியே போய்விடுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "அந்த வாடை வந்தா அவரு வூட்டுக்குள்ள வர்ற மாதிரி இருக்குது தம்பி" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம். அந்த முறை மிஷன் சபையின் பாஸ்டரும் எங்களோடு மலைக்கு வந்திருந்தார். நாங்கள் மேலே ஏறிய அன்றே போராட்டக்காரர்கள் கீழே மரங்களை வெட்டி ரோட்டில் போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, ஜீப்பும் போகாது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் தங்கினோம்.

இறங்க வழியில்லாததால் பாஸ்டர் தினமும் கூட்டம் போட்டார். மூன்றாம் நாள் மதியம் குடியைப் பற்றிப் பேசினார். குடிப்பதே பாவம், ஒரு சொட்டு தொட்டாலும் பாவம், வேதம் அப்படித்தான் சொல்கிறது என்றார். கிண்ணத்தில் சிவப்பாய் இருப்பது கடைசியில் பாம்பாய்க் கடிக்கும் என்ற இடத்தை வாசித்துக் காட்டினார். அது பைபிளில் இருப்பதுதான்.

அந்த ஊரில் சாராயம் காய்ச்சுகிற ஒருவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்று பாஸ்டரை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"அவரு சொல்றது இருக்கட்டும். நீ சொல்லும்மா, நீதான் எங்களுக்கு எப்பவும் படிக்கிற. குடிக்கவே கூடாதுன்னு இந்த புக்குல எழுதியிருக்குதா?"

அக்கா பாஸ்டரைப் பார்த்தார். பிறகு பைபிளைத் திறந்தார்.

வெறிக்கக் குடிப்பது தப்பு என்று எழுதியிருக்கிற இடங்களை வாசித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம்... நிறுத்தவில்லை. கல்யாண வீட்டில் இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக, அதாவது ஒயினாக, மாற்றியதை வாசித்தார். வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள் என்று பவுல் எழுதிய கடிதத்தையும் வாசித்தார்.

பாஸ்டர் குறுக்கே வந்து, அது வெறும் பழச்சாறு என்றார். அக்கா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"குடிவெறி கூடாதுன்னு இருக்குது. தொடவே கூடாதுன்னு எல்லாருக்கும் எழுதல. இல்லாதத இருக்குதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நான் சொல்றேன், தொடாதீங்க. இது புக்கு சொல்றது இல்ல. எம் புருசன் ரத்தமா வாந்தி எடுத்தத தொடைச்சவ சொல்றேன்."

கொஞ்ச நேரத்தில் கூட்டம் கலைந்தது.

மறுநாள் மரங்களை அப்புறப்படுத்திவிட்டதாகத் தகவல் வந்தது. இறங்கினோம்.

பத்து நாளில் விசாரணை வைத்தார்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில். மிஷன் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர். குடிக்கலாம் என்று அக்கா மலை ஜனங்களுக்குச் சொன்னார் என்பது பாஸ்டர் கொடுத்த புகார். என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன், எதுவும் காதில் விழவில்லை என்றேன்.

எல்லாம் கேட்டது. ஐந்தடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போதுதான் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள், வேலை போய்விடும் என்று பயம்.

தவறாகச் சொல்லிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் வேலையில் இருக்கலாம் என்றார்கள். அக்கா எழுதிக் கொடுக்கவில்லை. அந்த மாதமே மகளைக் கூட்டிக்கொண்டு திருக்கோவிலூர் போனார். ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை கிடைத்தது.

அந்த மலை ஊரில் காய்ச்சுவது நிற்கவில்லை. கேள்வி கேட்ட ஆள் மட்டும் விட்டுவிட்டார் என்றார்கள். எத்தனை நாளைக்கு விட்டார் என்று தெரியாது.

ஏழெட்டு வருஷம் கழித்து திருக்கோவிலூர் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். வெங்காய மூட்டையோடு நின்றிருந்தார். அன்று வராந்தாவில் நான் சொன்னது பொய் என்று அவரிடம் சொன்னேன்.

"தெரியும். அன்னிக்கு மலையில நீ எங்களத்தான் பாத்துக்கினு இருந்த" என்றார்.

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. மூட்டையின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். ஹாஸ்டல் வரைக்கும் இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போனோம்.

அதன் பிறகு என் மகன் கல்யாணத்துக்கு வந்தார். சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நாளை காலை பத்து மணிக்கு அடக்கம். முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன்.

போய் வாங்க அக்கா...